"எனக்குத் தெரியாது" என்ற விடை

பணக் கணக்கில் வல்லவர் ஆணா, பெண்ணா? 2014இல் உலகெங்கும் நடத்தப்பட்ட ஸ்டாண்டர்ட் அன்ட் புவர்ஸ் ஆய்வு வட்டி, கூட்டு வட்டி, பணவீக்கம், முதலீட்டு இடர் ஆகிய நான்கையும் பற்றி வினவியது. மூன்றையேனும் சரியாக விளங்கியிருந்தோர் ஆண்களில் 35 வீதம், பெண்களில் 30 வீதம்.

இடைவெளி இருப்பது உண்மை. ஆனால் அதன் காரணம் என்ன? நெதர்லாந்தில் நடந்த ஓர் ஆய்வு இதைச் சோதித்தது. "தெரியாது" என்ற விடையைப் பெண்களே அதிகம் தெரிவு செய்தனர். அந்தத் தெரிவை நீக்கியபோது பலர் சரியான விடையையே அளித்தனர். இடைவெளியில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்குக்குக் காரணம் தன்னம்பிக்கைக் குறைவே என அவ்வாய்வு கண்டது.

இது நமக்குத் தொலைவான செய்தியன்று. 2006இல் இடம்பெயர்ந்த சம்பூர் மக்கள் 2015, 2016ஆம் ஆண்டுகளில்தான் தம் காணிகளுக்குத் திரும்பினர். வீடு, கிணறு, தொழில் யாவற்றையும் புதிதாகத் தொடங்க வேண்டியிருந்தது. போருக்குப் பின் வடக்குக் கிழக்கில் பரவிய நுண்கடன்களைப் பெரும்பாலும் பெண்களே பெற்றனர். கடன்சுமை பெருகியதால், 2018இல் திருகோணமலை உட்பட 12 மாவட்டங்களில் பெண்களின் நுண்கடன்களுக்கு அரசு நிவாரணம் அறிவித்தது.

கடன் பத்திரத்தில் மறைந்திருப்பது என்ன? ஒரு கணக்கைப் பார்ப்போம். 50,000 ரூபாய் கடன். ஆண்டு வட்டி 24 வீதம். 12 மாதத் தவணை. வட்டியை முழுத்தொகைக்கும் கணித்தால் 12,000 ரூபாய். ஆறு மாதத்தில் முதலில் பாதியைக் கட்டி முடித்தாலும் 50,000க்கே வட்டி ஓடும். மீதிக்கு மட்டும் கணித்தால் மொத்த வட்டி சுமார் 6,700 ரூபாய்தான். முதல் முறையில் உண்மையான ஆண்டு வட்டி ஏறத்தாழ 42 வீதம்!

ஆகவே மாணவியரே, வீட்டில் எவர் கையொப்பமிடுமுன்னும் மூன்று வினாக்களைக் கேளுங்கள்:

1. மொத்தமாக எவ்வளவு திருப்பிச் செலுத்த வேண்டும்?
2. வட்டி முழுத்தொகைக்கா, மீதிக்கா?
3. தவணை தவறினால், அல்லது குழுவில் ஒருவர் கட்டாவிட்டால், என்ன நேரும்?

பெற்றோரே, வங்கிக்குச் செல்லும்போது மகனை மட்டுமன்றி மகளையும் அழைத்துச் செல்லுங்கள். அரிசி, மீன், பள்ளிச் செலவு, சீட்டுக்காசு என மாதத்தை நகர்த்தும் நம் தாய்மாருக்குக் கணக்குத் தெரியாமலில்லை. "தெரியும்" என்று சொல்லும் துணிவைத்தான் நாம் இன்னும் அவர்களுக்குக் கொடுக்கவில்லை.