வெல்லம் நுரையீரலுக்குப் போகாது

திருப்பூர், பல்லடம், அவிநாசி, உடுமலை வட்டாரத்து நூல் மில்களில் வெகுநாளாக ஒரு நம்பிக்கை உண்டு. ஷிஃப்ட் முடிந்ததும் ஒரு துண்டு வெல்லமோ ஒரு வாழைப்பழமோ சாப்பிட்டால், மூச்சோடு உள்ளே போன பஞ்சுத் தூசியை அது இழுத்துக்கொண்டு வயிற்றுக்குள் இறங்கிவிடும், நெஞ்சு சுத்தமாகிவிடும் என்பார்கள். நல்லெண்ணத்தோடு சொல்லப்படுவதுதான். ஆனால் நம் உடம்பின் அமைப்பு இதற்கு இடம் தரவில்லை. தொண்டைக்குக் கீழே உணவுக்குழாய் வேறு, மூச்சுக்குழாய் வேறு. நாம் விழுங்கும்போது குரல்வளை மூடி மூச்சுக்குழாயின் வாயை அடைத்துக்கொள்கிறது. தின்னும் எதுவும் நுரையீரல் பக்கம் எட்டிப் பார்க்கக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. வெல்லம் வாயில் கரையும்போது எச்சில் ஊறித் தொண்டை நனைகிறது, அங்கே ஒட்டியிருந்த பெரிய தூசி கீழே இறங்குகிறது. அந்த இதம் உண்மை. அதை நெஞ்சு சுத்தமானதாக எடுத்துக்கொள்வதில்தான் பிழை தொடங்குகிறது. பெரிய துகள்களை மூக்கும் தொண்டையுமே பிடித்து நிறுத்திவிடும். சுமார் 5 மைக்ரோமீட்டருக்கும் குறைவான, தலைமுடியின் தடிமனில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாத நுண்தூசிதான் ஆழத்துக்குப் போகிறது. அது கண்ணிலும் படாது, தொண்டையையும் உறுத்தாது.

இதற்கு அறிவியல் ஆதாரமே இருக்கிறது என்று சொல்பவர்கள் உண்டு. அவர்கள் காட்டும் ஆய்வும் பொய்யல்ல. லக்னோவில் இருந்த தொழில்சார் நச்சியல் ஆராய்ச்சி மையத்தின் சாஹு, சக்சேனா என்ற இரு ஆய்வாளர்கள், எலிகளின் நுரையீரலில் நிலக்கரித் தூசியையும் சிலிக்கா தூசியையும் செலுத்தி, வெல்லம் கொடுத்துப் பார்த்து, 1994-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். வெல்லம் தின்ற எலிகளில் தூசித் துகள்கள் நுரையீரலிலிருந்து அருகிலுள்ள நிணநீர் முடிச்சுகளுக்குக் கூடுதலாக நகர்ந்தன. ஆய்வு சொன்னது அவ்வளவே. அது எலி, மனிதரல்ல. செலுத்தியது கல், கரித் தூசி, பஞ்சுத் தூசியல்ல. துகள் நிணநீர் முடிச்சுக்கு இடம் மாறியது, உடம்பை விட்டு வெளியேறவில்லை. இன்னொரு வேறுபாடு இவற்றைவிட முக்கியமானது. கல் உடைப்பவரின் நுரையீரலில் சிலிக்கா தங்கித் தழும்பாக மாறுகிறது. பஞ்சுத் தூசியின் கேடு அப்படிப்பட்டதல்ல. பஞ்சோடு ஒட்டிவரும் இலைத் துணுக்கிலும் காய்ச் செதிலிலும் பாக்டீரியாக்கள் வாழ்கின்றன. அவற்றின் எண்டோடாக்சின் என்ற நச்சு மூச்சுக்குழல்களைப் புண்படுத்திச் சுருங்க வைக்கிறது என்பதே பெரும்பாலான ஆய்வாளர்கள் ஏற்கும் விளக்கம். சுருங்கிப்போன குழலைத் துடைத்துச் சுத்தம் செய்ய முடியாது. வெல்லத்தின் கதை இங்கேயே முடிந்துவிடுகிறது. சர்க்கரை நோய் உள்ள தொழிலாளிக்கு நாள்தோறும் வெல்லம் கொடுப்பது தனிக் கேடு.

பஞ்சுத் தூசியால் வரும் இந்த நோயின் பெயர் பிசினோசிஸ். வார விடுமுறை முடிந்து வேலைக்கு வரும் முதல் நாளில் நெஞ்சு இறுகும். இரண்டாம் நாள் தணிந்துவிடும். தொழிலாளி இதை ஞாயிற்றுக்கிழமை தின்ற கறிச்சோற்றின் மீதோ, குளிர்ந்த தண்ணீரின் மீதோ போட்டுவிடுகிறார். செவ்வாய்க்கிழமை சரியாகிவிடுவதால் ‘பழகிவிட்டது’ என்று ஆறுதலும் கொள்கிறார். பிரிட்டனின் லங்காஷயர் மில்களில் 1950-களில் ஆய்வு செய்த ரிச்சர்ட் ஷில்லிங் இந்தத் திங்கட்கிழமை இறுக்கத்தைத்தான் நோயின் முதல் படியாக வகுத்தார். அடுத்த படியில் இறுக்கம் வாரம் முழுவதும் நீள்கிறது. கடைசிப் படியில் மூச்சுத்திணறல் நிரந்தரமாகிறது. முதல் படியில் தூசியை விட்டு விலகினால் பெருமளவு தேறலாம், கடைசிப் படியில் முடியாது. வெப்ப நாடான இந்தியாவில் இந்த நோய் அரிது என்றும் ஒருகாலத்தில் சொல்லிவந்தார்கள். 1989-ல் வெளியான அகமதாபாத் மில் ஆய்வு அந்த எண்ணத்தை உடைத்தது. பஞ்சைப் பிரித்துச் சீவும் புளோ ரூம், கார்டிங் பிரிவுகளில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு நோய் இருந்தது. அதற்காக, பனியன் கம்பெனியில் பவர்டேபிள் டெய்லருக்கும் அவருக்கு உதவும் கைமடிக்கும் இதே ஆபத்து என்று பயமுறுத்துவதும் சரியல்ல. சலவையும் சாயமும் கண்ட துணியில் எண்டோடாக்சின் நச்சு மிகவும் குறைவு. ஆபத்து நூல் மில்லின் தொடக்கப் பிரிவுகளிலும், கழிவுப் பஞ்சை மறுபடி நூலாக்கும் ஓ.இ. மில்களிலும்தான் குவிந்திருக்கிறது.

‘எக்ஸ்ரே எடுத்தாச்சு, ஒன்றுமில்லை’ என்ற நிம்மதி இன்று புதிதாக வலுப்பெறும் நம்பிக்கை. கையில் தூக்கிச் செல்லும் எக்ஸ்ரே கருவியும், படத்தை நொடிகளில் படிக்கும் செயற்கை நுண்ணறிவும் வந்துவிட்டன. காசநோயைக் கண்டறிவதில் இவை பெரிய வரம். 2019-21 தேசியக் காசநோய்க் கணக்கெடுப்பில் எக்ஸ்ரே மட்டும் இல்லாதிருந்தால் 42.6 சதவீத நோயாளிகள் தவறிப்போயிருப்பார்கள். ஆகவே ‘மில் இருமல்தான்’ என்று இரண்டு வாரத்துக்கு மேல் நீளும் இருமலை ஒதுக்காமல் எக்ஸ்ரேயும் சளிப் பரிசோதனையும் செய்துகொள்ள வேண்டும். மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய்க்குக்கூட ஆறு மாத மாத்திரைச் சிகிச்சையை இந்திய அரசு 2024-ல் ஏற்றுவிட்டது. ஆனால் பிசினோசிஸ் எக்ஸ்ரே படத்தில் தனி அடையாளம் எதையும் காட்டாது. அதைக் காட்டுவது ஸ்பைரோமீட்டர் என்ற எளிய ஊதும் கருவி. வாரத்தின் முதல் நாள் வேலைக்கு முன்னும், சில மணி நேர வேலைக்குப் பின்னும் ஊதச் சொல்லி, முதல் நொடியில் வெளிவரும் காற்றின் அளவு குறைகிறதா என்று பார்க்க வேண்டும்.

புதிய மருந்துகள் காப்பாற்றிவிடும் என்ற எதிர்பார்ப்பும் அளவோடு இருக்க வேண்டும். நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயில் ஒரு பிரிவினருக்கு டுபிலுமாப் என்ற உயிரித் தொழில்நுட்ப ஊசியை அமெரிக்கா 2024-ல் அனுமதித்தது. அது நோய் தீவிரமாவதைக் குறைக்கிறது. கெட்டுப்போன நுரையீரலைப் புதிதாக்குவதில்லை. எனவே தூசி உள்ளே போகாமல் தடுக்க வேண்டும். ஆனால் முகத்தில் கட்டும் துண்டும் பனியன் துணி மாஸ்க்கும் பறக்கும் பஞ்சைத் தடுக்கும், நுண்தூசியைத் தடுக்காது. அதற்கு மின்னேற்றம் கொண்ட இழைகளாலான என்95 வேண்டும். புழுக்கத்தில் எட்டு மணி நேரம் அதையும் மாட்டியிருப்பது கடினம். ஆகவே தூசியை அது கிளம்பும் இடத்திலேயே உறிஞ்சி எடுப்பதுதான் வழி. நூல் தயாரிப்பில் ஒரு கனமீட்டர் காற்றில் 200 மைக்ரோகிராமுக்கு மேல் பஞ்சுத் தூசி இருக்கக் கூடாது என்று அமெரிக்கா 1978-ல் விதித்தது. செலவு தாங்காது என்று மில் முதலாளிகள் உச்ச நீதிமன்றம் வரை போய் 1981-ல் தோற்றார்கள். பிறகு மூடிய இயந்திரங்கள் வந்தன, உற்பத்தி உயர்ந்தது, நோயும் வேகமாகச் சரிந்தது. நம் பெரிய மில்களிலும் அத்தகைய இயந்திரங்கள் வந்துவிட்டன, இது பழங்கதை என்று சிலர் சொல்லலாம். பல மில்களில் வந்திருப்பது உண்மை. சிறிய ஓ.இ. மில்களில் நிலைமை என்ன என்பதைத் தூசியை அளந்து காட்டினால்தான் நம்ப முடியும்.

பிசினோசிஸ் 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தில் மருத்துவர் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோய்களில் ஒன்றாக இடம்பெற்றது, இ.எஸ்.ஐ. சட்டத்தில் இழப்பீட்டுக்குரிய தொழில் நோயாகவும் இருந்தது. ஆனால் ‘ஆஸ்துமா’ என்று சீட்டில் எழுதப்பட்டுவிட்டால் இழப்பீட்டு உரிமை கைக்கு எட்டாது. வேலையிடத்துக்கே போய் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கும் ‘தொழிலாளரைத் தேடி மருத்துவம்’ 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் தொடங்கியது. திருப்பூரில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது. இந்த வட்டார மில்களுக்குப் போகும் மருத்துவக் குழுக்களின் பையில் ஒரு ஸ்பைரோமீட்டரையும் அரசு சேர்க்க வேண்டும். மில்லில் வேலை செய்பவர்கள் மருத்துவரைப் பார்க்கும்போது மூன்று செய்திகளை மறக்காமல் சொல்லுங்கள்: எந்தப் பிரிவில் வேலை, எத்தனை ஆண்டுகளாக, விடுமுறைக்குப் பிந்தைய முதல் நாளில் நெஞ்சு இறுகுகிறதா.