எண்ணெய்த் தொட்டியும் மூச்சு விடும்!

கோடையில் மதுரை, மேலூர்ப் பக்கத்துக் கண்மாய்கள் வற்றியதும் வண்டல் அள்ள இயந்திரங்கள் வந்துவிடும். மழைக்கு முன் வேலை முடிய வேண்டும். அந்த நேரத்தில் இயந்திரத்தின் கை தூக்க முடியாமல் தளர்ந்து போவதுண்டு. பல வேளைகளில் அதற்குக் காரணம் எண்ணெயில் கலந்த தூசிதான்.

மூடிய பாய்மத்தில் தரப்படும் அழுத்தம் எல்லாத் திசைகளிலும் சமமாகப் பரவும் என்ற பாஸ்கல் விதியை நீங்கள் படித்திருப்பீர்கள். ஹைட்ராலிக் இயந்திரம் இவ்விதிப்படியே இயங்குகிறது. எண்ணெயின் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 200 கிலோகிராம் என்று கொள்வோம். பிஸ்டனின் விட்டம் 12 செ.மீ. எனில் அதன் பரப்பு சுமார் 113 ச.செ.மீ. ஆகவே கிடைக்கும் விசை 22 டன்னுக்கு மேல்!

இவ்வளவு அழுத்தத்திலும் எண்ணெய் கசியாமலிருக்க, பம்பு, வால்வு ஆகியவற்றின் பாகங்களுக்கு இடையே சில மைக்ரான் இடைவெளியே விடப்படுகிறது. மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கே மைக்ரான். தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான். 40 மைக்ரானுக்குக் குறைந்த துகளை வெறுங்கண்ணால் காண்பது அரிது. இடைவெளியைவிடப் பெரிய துகள் அதனுள் நுழையாது. மிகச் சிறியது நழுவிவிடும். இடைவெளியின் அளவே உள்ள துகள்தான் சிக்கி உலோகத்தைச் சுரண்டும். சுரண்டப்பட்ட தூளும் எண்ணெயில் சேர்ந்து மேலும் சுரண்டும். எனவே பார்வைக்குத் தெளிவாக இருக்கும் எண்ணெய் தூய்மையானது என்று சொல்லிவிட முடியாது.

தூசி எப்படி நுழைகிறது? பிஸ்டனின் தண்டு வெளியே நீளும்போது, அது விட்டுச் சென்ற இடத்தை நிரப்பத் தொட்டியிலிருந்து எண்ணெய் செல்கிறது. தண்டின் விட்டம் 8 செ.மீ., நீளும் தூரம் 1 மீட்டர் எனில், தொட்டியில் சுமார் 5 லிட்டர் எண்ணெய் குறையும். அந்த இடத்துக்கு வெளிக்காற்று வரும். தண்டு உள்ளே திரும்பினால் காற்று வெளியேறும். ஆம், தொட்டி மூச்சு விடுகிறது! அதன் காற்றுத் துளையில் நல்ல வடிகட்டி இல்லையெனில், கண்மாய்ப் புழுதியும் உள்ளே போகும்.

எண்ணெய்ப் பீப்பாயும் இப்படித்தான். பகல் வெயிலில் உள்ளிருக்கும் காற்று விரிந்து வெளியேறும். இரவில் குளிர்ந்து சுருங்கும்போது மூடிமேல் தேங்கிய மழைநீரை உள்ளே இழுக்கும். நீர் கலந்த எண்ணெய் கலங்கி, இரும்பைத் துருப்பிடிக்கச் செய்யும்.

தடுக்கும் வழிகள் எளியவை. பீப்பாயைக் கூரையின் கீழ் வைக்க வேண்டும். தொட்டியைத் திறக்குமுன் மூடியைச் சுற்றித் துடைக்க வேண்டும். புதிய எண்ணெயையும் வடிகட்டியே ஊற்ற வேண்டும். கழற்றிய குழாய்களின் வாயை உடனே மூட வேண்டும். வடிகட்டிகளை உரிய காலத்தில் மாற்ற வேண்டும்.

மாணவர்களே, மேற்சொன்ன தண்டு மணிக்கு 100 முறை நீண்டால், 8 மணி நேரத்தில் எத்தனை லிட்டர் காற்று தொட்டிக்குள் வரும்? கணக்கிட்டுப் பாருங்கள். வடிகட்டியின் அருமை விளங்கும்.