பந்தில் நிலைக்கும் பார்வை

கோல்ஃப் ஆட்டத்தில் பந்து அசையாமல் கிடக்கிறது, அசைபவர் ஆட்டக்காரரே. ஆயினும், அவர் முதலில் கற்கும் பாடம் ‘பந்தைப் பார்’ என்பதாகும். மட்டை பந்தைத் தொட்டிருக்கும் நேரம் ஒரு நொடியில் ஏறத்தாழ இரண்டாயிரத்தில் ஒரு பங்கே. அதற்குள் எதையும் கண்டு திருத்திக்கொள்ள எவராலும் இயலாது. பின், பார்வையால் பயன் யாது?

கனடாவின் கால்கரி பல்கலைக்கழக ஆய்வாளர் ஜோன் விக்கர்ஸ், பந்தைக் குழியை நோக்கி உருட்டுவோரின் கண்ணசைவுகளை அளந்து, 1992இல் முடிவுகளை வெளியிட்டார். தேர்ந்தோரின் பார்வை, அடிக்கும் முன்பே பந்தில் நிலைத்தது. பந்து உருண்டோடிய பின்னும் அவ்விடத்திலேயே சற்றுத் தங்கியது. தேர்ச்சி குறைந்தோரின் பார்வையோ அங்குமிங்கும் அலைந்தது. அந்நிலைப்பே பின்னர் ‘அமைதியான கண்’ எனப் பெயர் பெற்றது.

நெடுந்தொலைவு அடிப்பில் விதிவிலக்கும் உண்டு. சுவீடன் வீராங்கனை அன்னிகா சோரன்ஸ்டாம், பந்தை அடிக்கும் கணத்திலேயே முகத்தை இலக்கின் பக்கம் திருப்புவார். அவரே 2001இல் ஒரு சுற்றை 59 அடிகளில் முடித்தார். அவரது தலை, சுழலும் உடலோடு இசைந்தே திரும்பியது. விளைவைக் காணும் பதற்றத்தால் அன்று.

பார்வை பந்தைச் செலுத்துவதில்லை, செலுத்துபவரை நிலைப்படுத்துகிறது.