சாலையை அளந்த அறிஞர்

1941-ஆம் ஆண்டில் பிரிட்டனில் சாலை விபத்துகளால் மாண்டோர் 9,169 பேர். அந்நாட்டில் அதற்கு முன்னும் பின்னும் எந்த ஓராண்டிலும் இத்துணைப் பேர் சாலையில் மாண்டதில்லை. அது போர்க்காலம். பெட்ரோல் பங்கீட்டு முறையில் அளந்து வழங்கப்பட்டது. ஆதலால் சொந்த வண்டியை வீட்டிலேயே நிறுத்தி வைத்தோர் பலர். வண்டிகள் குறைந்தன, இறப்போ மிகுந்தது. இஃது எங்ஙனம் நேர்ந்தது? பகைவரின் விமானங்களுக்கு ஊர் தெரியாதிருக்கும் பொருட்டுத் தெருவிளக்குகள் அணைக்கப்பட்டிருந்தன; வண்டி விளக்குகளும் ஒளி கசியாதவாறு மறைக்கப்பட்டிருந்தன. இருளில் நடந்தவர் வண்டியைக் கண்டிலர். வண்டியை ஓட்டியவர் நடந்தவரைக் கண்டிலர்.

இத்தகைய கணக்கைக் கண்டு வருந்துவதோடு நில்லாமல், ‘இது ஏன்?’ என்று வினவி, விடையை அளந்தறிந்து அரசாங்கத்திற்கு எடுத்துரைப்பதற்கென்றே அறிஞர் சிலர் பணிபுரிகின்றனர். அவர்கள் அமைச்சர் அல்லர். சட்டம் இயற்றும் உரிமை அவர்களுக்கு இல்லை. சாலைச் சந்தியில் நின்று வண்டிகளை நிறுத்தும் காவலரும் அல்லர். எனினும், நாம் சாலையைக் கடக்கும் முறையிலும், வண்டி ஓட்டுவோர் செலுத்தும் கட்டணத்திலும் அவர்களுடைய உழைப்பு மறைந்து கிடக்கிறது. அவர்களுள் ஒருவராகிய ரூபன் ஜேக்கப் ஸ்மீட் என்பவர் ஆற்றிய பணியை இங்குக் காண்போம்.

ஸ்மீட் 1909-ஆம் ஆண்டில் பிறந்தவர், கணிதம் பயின்றவர். இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டனின் குண்டுவீச்சு விமானப் படையில், எத்தனை விமானங்கள் சென்றன, எத்தனை மீண்டன, மீளாதவை ஏன் மீளவில்லை என்று ஆராயும் குழுவில் இருந்தார். போர் முடிந்தபின் சாலை ஆராய்ச்சிக் கூடத்திற்கு வந்து, அதன் துணை இயக்குநராகப் போக்குவரத்தையும் பாதுகாப்பையும் பற்றிய ஆராய்ச்சிகளை நடத்தினார். லண்டன் மாநகருக்கு மேற்கே ஹார்மண்ட்ஸ்வொர்த் என்னும் சிற்றூரில் இருந்த அக்கூடம், 1933-ஆம் ஆண்டு முதல் அரசாங்கத்தின் அறிவியல், தொழில் ஆராய்ச்சித் துறையின்கீழ் இயங்கியது. அங்கே ஒரு சாரார் தாரையும் சரளைக் கல்லையும் மண்ணையும் சோதித்தனர். மற்றொரு சாரார் சாலையில் செல்லும் மனிதரையும் வண்டிகளையும் ஆராய்ந்தனர். கல்லைச் சோதிப்பது எளிது. அது சோதனைச் சாலையில் அசையாமல் கிடக்கும். மனிதரைச் சோதிப்பது அத்துணை எளிதன்று.

ஒரு சாலையில் வண்டிகள் சராசரியாக என்ன வேகத்தில் செல்கின்றன என்பதை அறிய வேண்டுமாயின் என் செய்வது? ஓரிடத்தில் நின்று பார்த்தால் அவ்விடத்து வேகம் மட்டுமே தெரியும். இதற்கு அக்கூடத்து ஆராய்ச்சியாளராகிய வார்ட்ராப், சார்ல்ஸ்வொர்த் என்னும் இருவர் 1954-இல் ஒரு வழி கூறினர். ஆராய்ச்சியாளர் தாமும் ஒரு வண்டியில் ஏறி, அச்சாலையில் பலமுறை போய் வருவர். எதிரே வந்த வண்டிகள் எத்தனை, தம்மை முந்தியவை எத்தனை, தாம் முந்தியவை எத்தனை, சென்று சேர ஆன நேரம் எவ்வளவு என்று குறித்துக்கொள்வர். இவற்றைக் கொண்டே, அச்சாலையில் ஒரு மணி நேரத்தில் செல்லும் வண்டிகளின் தொகையும் அவற்றின் சராசரி வேகமும் கணக்கிடப்பட்டன. கருவி என்று சொல்லத்தக்கவை ஒரு கடிகாரமும் எழுதுகோலுமே.

சாலையைக் கடப்போர் பற்றிய ஆராய்ச்சியோ உலகம் முழுவதும் பயன் தந்தது. பிரிட்டனில் 1934 முதல், கடக்கும் இடங்களைக் காட்டக் கம்பங்கள் நாட்டப்பட்டன. தரையில் உலோகக் குமிழ்கள் இரு வரிசையாகப் பதிக்கப்பட்டன. நடப்பவர் அவற்றைக் காலடியில் கண்டார். வண்டி ஓட்டி வருபவருக்கோ, மிக அணுகி வந்தாலன்றிக் குமிழ்கள் தெரியவில்லை. ‘கடக்குமிடத்தில் நிற்கிறோம், நமக்கென்ன அச்சம்?’ என்று நடப்பவர் எண்ண, அங்கே கடக்குமிடம் இருப்பதையே ஓட்டுபவர் அறியாது வந்தால், அவ்விடம் பாதுகாப்பன்று, பொறியே ஆகும். ஆராய்ச்சிக் கூடத்தார் பலவகைக் கோலங்களைத் தரையில் தீட்டி, எது தொலைவிலிருந்தே தெளிவாகத் தெரிகிறது என்று சோதித்தனர். 1949-இல் ஏறத்தாழ 1,000 இடங்களில் புதுக் குறிகள் இடப்பட்டன. முடிவில் கறுப்பும் வெள்ளையுமான அகன்ற பட்டைகள் ஏற்கப்பட்டு, 1951-இல் சட்டத்தின் துணையும் பெற்றன. வரிக்குதிரையின் பெயரால் வழங்கும் அப்பட்டைகளையே இன்று பல நாடுகளின் தெருக்களில் காண்கிறோம்.

1949-இல் ஸ்மீட் வெளியிட்ட ஒரு கட்டுரை அறிஞரிடையே பெரிதும் பேசப்பட்டது. 20 நாடுகளின் 1938-ஆம் ஆண்டுக் கணக்குகளை ஒப்பிட்டு, மக்கள் தொகை, வண்டிகளின் தொகை, சாலையில் மாண்டோர் தொகை ஆகிய மூன்றையும் இணைக்கும் ஒரு சூத்திரத்தை அவர் கண்டார். மக்கள் தொகை மாறாதிருக்க, வண்டிகள் 8 மடங்கானால் இறப்பு 8 மடங்காவதில்லை. 2 மடங்கே ஆகும் என்பது அதனால் பெறப்படும். அதாவது, வண்டி ஒன்றுக்கு நேரும் இறப்பு நான்கில் ஒரு பங்காகக் குறைகிறது. வண்டிகள் பெருகப் பெருக மக்கள் அவற்றோடு வாழப் பழகுகின்றனர் என்று இதற்குப் பொருள் கொள்ளலாம். எத்தனை இறப்பை மக்கள் பொறுத்துக்கொள்வரோ அத்தனையே நிகழும் என்பது ஸ்மீடின் கருத்து எனப் போர்க்காலத்தில் அவரிடம் பணிபுரிந்த இயற்பியலறிஞர் பிரீமன் டைசன் பிற்காலத்தில் எழுதியுள்ளார்.

இக்கருத்து முற்றும் மெய்யாயின், பாதுகாப்புக்காக அரசாங்கம் செய்யும் முயற்சியெல்லாம் வீணன்றோ? நல்லவேளையாக, பிற்காலக் கணக்குகள் அவ்வாறு காட்டவில்லை. பிரிட்டனில் 1966-ஆம் ஆண்டில் 7,985 பேர் சாலையில் மாண்டனர். குடித்துவிட்டு வண்டி ஓட்டுவோரைக் கண்டறிய மூச்சுச் சோதனை 1967-இல் வந்தது. முன்னிருக்கையில் இருப்போர் இருக்கைப் பட்டை அணிய வேண்டும் என்னும் சட்டம் 1983-இல் நடைமுறைக்கு வந்தது. சாலைகளும் வண்டிகளும் திருந்தின. 2013-இல் மாண்டோர் 1,713 பேர். வண்டிகளோ 1966-இல் இருந்ததைப்போல் இரு மடங்குக்கும் மேலாகப் பெருகியிருந்தன. சூத்திரம் பின்வந்த காலத்திற்குப் பொருந்தவில்லை. ஆயினும், நாடுகளின் இறப்புகளை அளவுகோல் ஒன்றால் ஒப்பிடலாம் என்று காட்டியது அச்சூத்திரமே. அதனை மறுத்தவர்களும் அவரைப்போலவே எண்ணி அளந்துதான் மறுத்தனர்.

ஸ்மீடின் பெயர் நிலைத்ததற்கு மற்றொரு காரணமும் உண்டு. நகரங்களில் வண்டி நெரிசல் மிகவே, சாலையைப் பயன்படுத்துவோரிடம் அதற்கேற்ற கட்டணம் பெற இயலுமா என ஆராய, 1962-இல் பிரிட்டனின் போக்குவரத்து அமைச்சகம் அவர் தலைமையில் ஒரு குழுவை அமைத்தது. நெரிசல் மிக்க தெருவில் புதிதாக ஒரு வண்டி நுழைகிறது என்று கொள்வோம். அதனால் பின்வரும் 100 வண்டிகள் இரண்டிரண்டு நொடி தாமதித்தால், பிறர் இழந்த காலம் 200 நொடி. நுழைந்தவர் தம் பெட்ரோலுக்கும் தம் நேரத்திற்கும் விலை கொடுக்கிறார்; பிறர் இழந்த 200 நொடிக்கு ஒன்றும் கொடுப்பதில்லை. பெட்ரோல் வரியும் இக்குறையைத் தீர்க்காது. ஆளில்லாத நாட்டுப்புறச் சாலையில் ஓட்டுபவருக்கும் நெரிசல் மிக்க நகர நடுவில் ஓட்டுபவருக்கும் அவ்வரி ஒன்றே அன்றோ?

1964-இல் வெளிவந்த குழுவின் அறிக்கை, இடத்திற்கும் நேரத்திற்கும் ஏற்ப வேறுபடும் கட்டணத்தை விளக்கியது. கட்டணம் முன்னரே தெரிந்திருக்க வேண்டும். எல்லார்க்கும் நேர்மையாக இருக்க வேண்டும். ஏமாற்றுக்கு இடம் தருதல் ஆகாது என்றெல்லாம் அளவைகளை வகுத்தது. வண்டியில் பொருத்தும் அளவுமானிகளைக் கொண்டு இதனை நடத்த இயலும் என்றும் காட்டியது. இயலுமா என்பதே குழுவிடம் கேட்கப்பட்ட வினா. செய்க என்று ஆணையிடுவது அதன் வேலையன்று. வாக்காளர் பலர் வண்டி வைத்திருக்கும் நாட்டில், இதுவரை விலையின்றிப் பயன்படுத்திய தெருவுக்கு விலை கேட்க எந்த அமைச்சர்தாம் விரும்புவார்? அவ்வாண்டு அக்டோபரில் தேர்தல் நடந்து ஆட்சியும் மாறியது. திட்டம் நிறைவேறவில்லை.

இதையொத்த ஏற்பாட்டை முதலில் மேற்கொண்டது சிங்கப்பூர். 1975-இல், நகர நடுவில் காலை வேளையில் நுழையும் கார்கள் உரிமச் சீட்டை முன்கண்ணாடியில் ஒட்டியிருக்க வேண்டும் என அந்நாடு விதித்தது. நாள் ஒன்றுக்குக் கட்டணம் 3 சிங்கப்பூர் டாலர். ஸ்மீட் அதற்கு முன்னரே ஆராய்ச்சிக் கூடத்தை விட்டு, லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் போக்குவரத்துப் பேராசிரியராகியிருந்தார், 1976-இல் மறைந்தார். 2003-ஆம் ஆண்டு பிப்ரவரி 17-ஆம் நாள், லண்டன் நகரின் நடுப்பகுதியில் பகல் வேளையில் ஓட்டப்படும் வண்டிகளுக்கு நாளொன்றுக்கு 5 பவுன் கட்டணம் விதிக்கப்பட்டது. தெருவோரக் கம்பங்களில் இருந்த ஒளிப்படக் கருவிகள் வண்டிகளின் எண்களைப் படித்துக் குறித்துக்கொண்டன.