வில் தாங்கும், தணிப்பான் அடக்கும்

சனிக்கிழமை காலையில் எமது பாடசாலை வாயிலுக்கு வந்து செல்லும் கார்களைச் சற்று உற்று நோக்குங்கள். பிள்ளைகளை இறக்கிவிட்டுப் புறப்படும் கார்கள் வீதியிலுள்ள வேகத்தடை மேட்டில் ஏறி இறங்குகின்றன. சில கார்கள் ஒருமுறை தாழ்ந்து எழுந்து உடனே அமைதியடைகின்றன. வேறு சிலவோ மேட்டைக் கடந்த பின்னரும் அலையில் அகப்பட்ட தோணி போல இரண்டு மூன்று முறை ஆடுகின்றன. இந்த வேறுபாட்டுக்குக் காரணம் யாது? அதனை மாணவர்களும் பெற்றோரும் சேர்ந்து அறிந்துகொள்வதே இப்பாடத்தின் நோக்கமாகும்.

எமது இல்லத்தில் 1998 ஆம் ஆண்டில் தயாரிக்கப்பட்ட சுபாரு இம்பிரெசா டர்போ கார் ஒன்று உண்டு. இப்பாடசாலையின் பழைய மாணவனான எமது மகன் தன் உழைப்பில் மிச்சம்பிடித்து வாங்கிய கார் அது. கடந்த ஆண்டு அதன் நான்கு சில்லுகளுக்கும் உரிய ஸ்ட்ரட்டுகளைத் தந்தையும் மகனுமாக நாமே மாற்றினோம். அவ்வேலையில் நாம் கற்றவற்றையே இங்கு பாடமாகத் தருகின்றோம்.

காரின் வரலாறு

இம்பிரெசா கார் 1992 ஆம் ஆண்டில் யப்பானில் அறிமுகமானது. இரண்டு லீற்றர் கொள்ளளவுடைய இயந்திரமும், நான்கு சில்லுகளையும் உந்தும் அமைப்பும் கொண்ட அதன் டர்போ வகை, 200 குதிரைவலுவுக்கு மேற்பட்ட ஆற்றலுடையது. உலக ரலி ஓட்டப் போட்டிகளில் இவ்வகைக் காரைச் செலுத்திய ஸ்கொட்லாந்து வீரர் கொலின் மக்றே 1995 இல் உலக வாகையர் பட்டம் பெற்றார். 1995, 1996, 1997 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் தயாரிப்பாளர்களுக்கான பட்டம் சுபாரு நிறுவனத்துக்கே கிடைத்தது. அக்காலத்தில் சிறுவராயிருந்த பலர் இன்றும் இக்காரை விரும்புவதற்கு இதுவும் ஒரு காரணமாகும். ஆயினும் பட்டம் பெற்ற குலத்தில் பிறந்த காருக்கும் முதுமை உண்டு.

ஸ்ட்ரட் என்பது யாது?

காரின் உடலுக்கும் சில்லுகளுக்கும் இடையே அமைந்து, வீதியின் மேடு பள்ளங்களை ஏற்றுக்கொள்ளும் பகுதியைத் தொங்கல் அமைப்பு என்பர். இதில் இரண்டு முக்கிய உறுப்புகள் உள்ளன. ஒன்று சுருள்வில். மற்றையது, பேச்சு வழக்கில் சொக் அப்சோபர் என்று நாம் கூறும் அதிர்வுத் தணிப்பான். இவ்விரண்டையும் ஒரே தூணாக இணைத்து, அத்தூணையே சில்லினை நிலைநிறுத்தும் உறுப்பாகவும் ஆக்கியதே ஸ்ட்ரட் ஆகும்.

இம்முறையை வடிவமைத்தவர் ஏர்ல் மக்பர்சன் என்னும் அமெரிக்கப் பொறியியலாளர். 1940களில் ஜெனரல் மோட்டோர்ஸ் நிறுவனத்தில் சிறிய கார் ஒன்றுக்காக அவர் இதனை உருவாக்கினார். அக்கார் விற்பனைக்கு வரவில்லை. பின்னர் அவர் போர்ட் நிறுவனத்தில் சேர்ந்தார். 1950 இல் இங்கிலாந்தில் அறிமுகமான போர்ட் கொன்சல், செபிர் என்னும் கார்களில் இவ்வமைப்பு இடம்பெற்றது. உறுப்புகள் குறைவு, செலவு குறைவு, பிடிக்கும் இடமும் குறைவு என்பதால் இன்று உலகின் பெரும்பாலான சிறு கார்களின் முன்புறத்தில் இதனையே காண்கின்றோம். எமது இம்பிரெசாவில் முன்புறத்திலும் பின்புறத்திலும் இதுவே உள்ளது.

வில்லின் தொழிலும் தணிப்பானின் தொழிலும்

வில்லை எவ்வளவு அமுக்குகின்றோமோ அந்த அளவுக்கு அது எதிர்விசை காட்டும். இவ்விதியை இங்கிலாந்து அறிஞர் றொபேட் ஹூக் 1678 இல் விளக்கி வெளியிட்டார். காரின் பாரத்தைத் தாங்குவது வில்லே. ஆனால் வில்லுக்கு ஒரு குணம் உண்டு. தான் பெற்ற சக்தியை அது செலவழிப்பதில்லை. பெரும்பாலும் அப்படியே திருப்பிக் கொடுக்கும். ஆகவே வில் மட்டும் இருந்தால், ஒரு மேட்டில் ஏறிய கார் நெடுநேரம் மேலும் கீழும் அலைந்துகொண்டேயிருக்கும்.

அந்தச் சக்தியைச் செலவழித்து அலைவை அடக்குவதே தணிப்பானின் தொழில். அதனுள்ளே எண்ணெய் நிறைந்த உருளை ஒன்றும், அதில் மேலும் கீழும் செல்லும் பிஸ்டன் என்னும் ஆடுதண்டும் உள்ளன. ஆடுதண்டிலுள்ள சிறிய துளைகளினூடாகவும் வால்வுகளினூடாகவும் எண்ணெய் நெருக்கிக்கொண்டு செல்லவேண்டியிருப்பதால் அசைவுக்குத் தடை ஏற்படுகின்றது. அசைவின் சக்தி எண்ணெயில் வெப்பமாக மாறிக் காற்றிலே கலக்கின்றது. கரடுமுரடான வீதியில் ஓடிவந்த காரின் தணிப்பானைத் தொட்டால் அது சூடாயிருப்பதற்குக் காரணம் இதுவே.

ரயர் வீதியைப் பற்றிக்கொள்ள வேண்டுமாயின் அது வீதியின்மீது அழுந்தியிருக்க வேண்டும். தணிப்பான் தளர்ந்தால் சில்லு துள்ளும். துள்ளும் கணத்தில் ரயரின் அழுத்தம் குறையும். அழுத்தம் குறையப் பிடிமானமும் குறையும். அந்தக் கணத்தில் பிறேக்கை மிதித்தாலும் திசைமாற்றியைத் திருப்பினாலும் கார் நாம் எண்ணியபடி நடவாது. ஆகவே தணிப்பான் என்பது சுகமான பயணத்துக்கு மட்டும் உரியதன்று, உயிர்ப் பாதுகாப்புக்கும் உரியது என்பதை மனத்திற் கொள்க. வேகம் மிகுந்த காரில் இதன் பொறுப்பு இன்னும் பெரிது.

தேய்மானம் தெரியாமல் வருவது ஏன்?

ஆண்டுகள் செல்ல எண்ணெயின் தன்மை கெடும், வால்வுகள் தேயும், கோலைச் சுற்றியுள்ள எண்ணெய்த் தடுப்பு வளையம் பழுதடைந்து எண்ணெய் கசியும். பிரித்தானியாவின் குளிர்காலத்தில் வீதி வெடிப்புகளில் நீர் உறைந்து விரிவதால் உண்டாகும் குழிகளும், பனிக்காகத் தூவப்படும் உப்பும் இவ்வுறுப்புகளை மேலும் வருத்துகின்றன.

எமது மகன் நாள்தோறும் அக்காரைச் செலுத்தியும் யாதொரு குறையையும் உணரவில்லை. நாமும் பலமுறை அருகில் அமர்ந்து சென்றோம், உணரவில்லை. வருடாந்த எம்.ஓ.டி. பரிசோதனையில்தான், முன்புற ஸ்ட்ரட் ஒன்றில் எண்ணெய் ஈரம் இருப்பதைப் பரிசோதகர் விளக்கின் ஒளியிற் சுட்டிக்காட்டினார். ஒரே நாளில் கெட்டிருந்தால் எவரும் அறிந்திருப்பர். சிறிது சிறிதாகக் கெட்டமையால், ஓட்டுபவரின் கையும் காலும் தாமறியாமலே அதற்கேற்பப் பழகிக்கொண்டன. ஆகவே இதில் எமது உணர்வை மட்டும் நம்புதல் தகாது. பின்வரும் அறிகுறிகளைக் கண்ணால் தேடவேண்டும்.

1. ஸ்ட்ரட்டின் உருளையில் எண்ணெயும் அதில் ஒட்டிய அழுக்கும் காணப்படல்.
2. பிறேக் பிடிக்கும்போது காரின் முன்புறம் ஆழமாகத் தாழ்தல்.
3. ரயரின் மேற்பரப்பு ஒரே சீராகத் தேயாது, இடைக்கிடை குழிகுழியாகத் தேய்தல்.
4. மேடு பள்ளங்களில் தட்டும் ஒலி கேட்டல்.
5. நிற்கும் காரின் ஒரு மூலையை அழுத்தி விட்டால், எழுந்து அமையாமல் மீண்டும் மீண்டும் ஆடுதல்.

ஐந்தாவது சோதனையில் ஓர் எச்சரிக்கை உண்டு. வேகக் கார்களின் வில் கடினமானது. கையால் அதிகம் அமுக்க முடியாது. அச்சோதனையில் ஆடவில்லை என்பதனால் மட்டும் தணிப்பான் நல்லது என்று முடிவுசெய்துவிடக் கூடாது.

வேலை நடந்த விதம்

முதல் நாள் மாலையிலேயே துருப்பிடித்த போல்ட்டுகளுக்குத் துரு இளக்கும் எண்ணெய் இட்டோம். மறுநாள் காரைச் சமதளமான கொங்கிறீற் தரையில் நிறுத்தி, பின்சில்லுகளுக்கு அணை வைத்து, முன்சில்லு நட்டுகளைத் தரையில் இருக்கும்போதே சிறிது தளர்த்தினோம். பின்னர் ஜக்கினால் உயர்த்தி, உறுதியான தாங்கிகளின்மேல் இருத்தினோம். ஜக்கை மட்டும் நம்பிக் காரின் கீழ் ஒருபோதும் செல்லலாகாது.

ஸ்ட்ரட்டின் அடிப்பகுதி சில்லைத் தாங்கும் உறுப்புடன் இரண்டு போல்ட்டுகளால் இணைந்திருக்கும். முன்புறத்தில் அவற்றுள் மேலே உள்ளது சில்லின் சாய்வைத் தீர்மானிப்பது. ஆதலால் கழற்றுமுன் அதன் நிலையை வெள்ளை வர்ணத்தால் அடையாளமிட்டோம். பிறேக் குழாயை ஸ்ட்ரட்டுடன் பிணைத்திருந்த பிடியை விடுவித்தோம். சில்லைத் தாங்கும் உறுப்பு சரிந்து குழாயை இழுத்துவிடாதபடி அதனைக் கம்பியால் கட்டிவைத்தோம்.

இனி மேற்புறம். இயந்திர மூடியைத் திறந்தால் மூன்று நட்டுகள் வட்டமாகவும், அவற்றின் நடுவே பெரிய நட்டு ஒன்றும் தெரியும். எல்லாவற்றையும் கழற்றவேண்டும் என்று எண்ணி, நாம் நடுவிலிருந்த பெரிய நட்டின்மேல் ஸ்பானரை வைத்துவிட்டோம்.

"அப்பா, நடு நட்டைத் தொடாதேங்கோ!" என்று மகன் எமது கையைப் பிடித்தான்.

அவன் பழுதுபார்ப்புக் கைந்நூலை முன்பே படித்திருந்தான். நாம் படிக்கவில்லை. அமுங்கிய நிலையிலுள்ள வில்லை மேலிருந்து அடக்கிவைத்திருப்பது அந்த ஒரு நட்டே. அதில் அடங்கியிருக்கும் சக்தி எவ்வளவு? மாணவர்களே, கணக்கிட்டுப் பாருங்கள்.

உதாரணமாக, ஒரு வில்லை 1 சென்ரிமீற்றர் அமுக்க 300 நியூட்டன் விசை வேண்டும் என்று கொள்வோம். 10 சென்ரிமீற்றர் அமுங்கியிருப்பின் அதன் விசை 3,000 நியூட்டன். ஏறத்தாழ 300 கிலோகிராம் பாரத்துக்குச் சமம். அமுக்கம் பூச்சியத்திலிருந்து தொடங்கியமையால் சராசரி விசை 1,500 நியூட்டன். அதனை 0.1 மீற்றரால் பெருக்கினால் 150 யூல் சக்தி கிடைக்கும். 20 கிலோ அரிசி மூட்டையொன்று முக்கால் மீற்றர் உயரத்திலிருந்து விழுவதற்கு ஒப்பானது இது. அச்சக்தி முழுவதும் ஒரு கணத்தில், ஓர் இரும்புத் துண்டில், எமது முகத்தை நோக்கி வெளிப்பட்டிருக்கக்கூடும்.

நடு நட்டை விட்டுவிட்டு, மகன் ஸ்ட்ரட்டைக் கீழிருந்து தாங்கிக்கொள்ள, சுற்றியுள்ள மூன்று நட்டுகளை மட்டும் கழற்றினோம். ஸ்ட்ரட் முழுமையாக வெளியே வந்தது. அதன்பின் வில் அமுக்கும் கருவிகள் இரண்டை எதிரெதிராகப் பூட்டி, இரண்டையும் மாறிமாறிச் சமமாக முறுக்கினோம். வில் தன் இருக்கையிலிருந்து தளர்ந்து தனியே அசைந்த பின்னரே நடு நட்டைக் கழற்றினோம். இந்த ஒரு கட்டத்தை அனுபவமில்லாதோர் தாமே செய்ய முற்படாது, பயிற்சி பெற்ற தொழில்நுட்பவியலாளரிடம் ஒப்படைப்பதே அறிவுடைமை.

புதிய தணிப்பானை நிமிர்த்திப் பிடித்து, அதன் கோலைப் பலமுறை முழுமையாக இழுத்து அழுத்தி, உள்ளே சிக்கியிருந்த காற்றை அகற்றினோம். கோலைக் குறட்டினால் பிடிக்கக் கூடாது. அதில் ஒரு சிறு கீறல் விழுந்தாலும் எண்ணெய்த் தடுப்பு வளையம் விரைவில் அறுபடும். மேல் இணைப்பு, தூசி காக்கும் உறை, முட்டுறப்பர் ஆகியவற்றையும் புதிதாக இட்டோம். வில்லின் நுனி இருக்கையிலுள்ள படியில் சரியாகப் பொருந்தியதா என்று இருவரும் தனித்தனியே பார்த்தோம். பின்னர் கழற்றிய ஒழுங்குக்கு எதிரான ஒழுங்கிற் பூட்டி, ஒவ்வொரு நட்டையும் கைந்நூல் கூறும் அளவுக்கு, முறுக்குவிசை காட்டும் ஸ்பானரால் இறுக்கினோம்.

ஒருபக்கம் மட்டும் எண்ணெய் கசிந்தாலும் அதே அச்சின் இரு பக்கங்களையும் சோடியாகவே மாற்றவேண்டும். இல்லையேல் காரின் இடமும் வலமும் வெவ்வேறு விதமாக நடந்துகொள்ளும். எமது காரில் நான்கும் ஒரே வயதினவாதலால் நான்கையும் மாற்றினோம். பின்புறத்தை அடுத்த வார இறுதியிற் செய்தோம். அதன்பின் சில்லுகளின் சாய்வையும் நேர்நோக்கையும் உரிய கருவியால் அளந்து திருத்துவித்தோம். வெள்ளை அடையாளம் காரை அங்குவரை ஓட்டிச் செல்வதற்கு மட்டுமே உதவும், அளவீட்டுக்கு ஈடாகாது.

அதே வீதி, அதே மேடு

வேலை முடிந்ததும், நாள்தோறும் செல்லும் அதே வீதியில், அதே மேட்டின்மேல் காரைச் செலுத்தினான் மகன். கார் ஒருமுறை தாழ்ந்து எழுந்து அமைந்தது. சிறிது தூரம் ஒன்றும் பேசாது சென்றவன், "இவ்வளவு நாளும் நான் வேற காரை ஓட்டியிருக்கிறன் போல" என்றான். பின்னர், "போன மாரியில தங்கச்சியை ஏத்திக்கொண்டு மழைக்குள்ள மோட்டர்வேயில போனனான்" என்றான். நாமும் அதனையே எண்ணிக்கொண்டிருந்தோம்.

பெற்றோர்களே, உங்கள் பிள்ளைகள் பழைய வேகக் காரொன்றை வாங்க விரும்பினால், அதன் வேகத்தைக் கேட்குமுன் அதன் ஸ்ட்ரட்டுகளின் வயதைக் கேளுங்கள். அழகுக்காகக் காரைத் தாழ்த்தக் குறுகிய வில்களை மட்டும் வாங்கிப் பழைய தணிப்பானின்மேல் பூட்டும் வழக்கம் இளைஞரிடையே உண்டு. கடினமான வில்லைத் தளர்ந்த தணிப்பானால் அடக்க முடியாது. அத்தகைய மாற்றங்களைக் காப்புறுதி நிறுவனத்துக்கு அறிவிக்க வேண்டும் என்பதையும் மறவாதீர்கள்.

பயிற்சி

1. காரின் பாரத்தைத் தாங்குவது எது? அலைவை அடக்குவது எது?
2. தணிப்பான் செலவழிக்கும் சக்தி எவ்வடிவில் வெளியேறுகின்றது?
3. 1 சென்ரிமீற்றர் அமுக்க 400 நியூட்டன் வேண்டும் வில் ஒன்று 8 சென்ரிமீற்றர் அமுங்கியுள்ளது. அதில் அடங்கிய சக்தி எத்தனை யூல்?
4. நாள்தோறும் காரைச் செலுத்துபவர் தேய்மானத்தை உணராமைக்குக் காரணம் யாது?
5. இன்று வீடு திரும்பியதும் தந்தையையோ தாயையோ அழைத்துக்கொண்டு, நிறுத்திய காரின் சில்லுக்குப் பின்னே விளக்கொளியிற் பாருங்கள். ஸ்ட்ரட்டின் உருளை உலர்ந்துள்ளதா, ஈரமாயுள்ளதா? கண்டதை அடுத்த சனிக்கிழமை வகுப்பிற் கூறுங்கள்.