பட்டியலில் பேர் இருக்கா?



கொரோனா காலத்தில் விவசாயிகளுக்கு அரசு கொடுத்த பணத்தைப் பற்றி எழுதுகிறேன். "ராயபுரத்துல ஏது வயல்? நமக்கு எதுக்கு இது?" என்று கேட்பீங்க. கடைசி வரை படிங்க, நம்ம கதையும் இதில் இருக்கு.

விவசாயிக்கு என்ன கிடைத்தது?

பி.எம். கிசான் திட்டம் 2019 பிப்ரவரியில் தொடங்கியது. சொந்த நிலம் உள்ள விவசாயக் குடும்பத்துக்கு வருஷம் 6,000 ரூபாய். 2,000 வீதம் மூன்று தவணையாக நேரே வங்கிக் கணக்குக்கு வரும். 2020 மார்ச் 25 முதல் நாடு முழுக்க ஊரடங்கு. உடனே, அந்த ஆண்டின் முதல் தவணையை ஏப்ரல் தொடக்கத்திலேயே போட்டார்கள். இது கூடுதல் பணம் இல்லை, வர வேண்டியதுதான். ஆனாலும் விளைந்ததை விற்க வழியில்லாத நேரத்தில் கைக்கு வந்தது.

இரண்டு பிழைகள்

முதல் பிழை, தகுதி இல்லாதவர் சேர்வது. 2020 ஆகஸ்டில் கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சி போன்ற மாவட்டங்களில் விவசாயியே இல்லாத பலர் இந்தப் பணம் வாங்கியது தெரிந்தது. அதிகாரிகளின் கணினி ரகசியச் சொல்லைப் பயன்படுத்தித் தரகர்கள் பேர் சேர்த்திருந்தார்கள். சுமார் 110 கோடி ரூபாய்! சிபிசிஐடி விசாரித்தது, பணத்தைத் திரும்ப வசூல் செய்தார்கள்.

இரண்டாவது பிழை, கஷ்டப்படுபவர் விடுபடுவது. தஞ்சாவூர் பக்கம் கோயில் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து உழுபவர் பெயரில் பட்டா இல்லை. அதனால் பணமும் இல்லை. முதல் பிழை பேப்பரில் வந்துவிடும். இரண்டாவது பிழைக்கு போலீஸ் விசாரணை கிடையாது. அதனால்தான் அதை நாம் அதிகம் கவனிக்கணும் என்று நினைக்கிறேன்.

நம்ம பக்கம் எப்படி?

நமக்குக் கடல்தான் வயல். வருஷா வருஷம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், விசைப்படகு கடலுக்குப் போகக் கூடாது. மீன் குஞ்சு பொரித்து வளரத்தான் இந்தத் தடை. 2020-இல் மட்டும் ஊரடங்கு காரணமாக மே 31 வரை, 47 நாளாகக் குறைத்தார்கள். அப்போது தடைக்கால நிவாரணம் ஒரு குடும்பத்துக்கு 5,000 ரூபாய். வகுத்துப் பாருங்க: ஒரு நாளைக்கு சுமார் 106 ரூபாய்! 2023 ஆகஸ்டில் இதை 8,000 ஆக உயர்த்தி அறிவித்தார்கள். 61 நாளுக்கு வகுத்தால் சுமார் 131.

இங்கேயும் பட்டியல் உண்டு. காசிமேட்டில் மீன் வெட்டிக் கொடுக்கும் அக்கா, ஐஸ் உடைக்கும் அண்ணன், கூடை தூக்கும் ஆயா எல்லோருக்கும் படகு நின்றால் வேலை நின்றது. ஆனால் மீனவர் குடும்பம் என்ற பதிவு இல்லை என்றால் அந்தத் தொகை வராது.

இவங்களைக் காப்பாற்றியது எது? ரேஷன் அட்டை. என்ன தொழில் என்று அது கேட்காது. 2020 ஏப்ரலில் அரிசி அட்டைக்கு 1,000. ஜூனில் சென்னையில் மறுபடி முழு ஊரடங்கு வந்தபோது இன்னொரு 1,000. 2021 மே, ஜூன் மாதங்களில் 2,000 வீதம் 4,000. ஆனால் எண்ணூர், மணலி பக்கம் வேலைக்கு வந்த வெளிமாநில அண்ணன்களுக்கு இங்கே அட்டை இல்லை, அந்த ரொக்கமும் இல்லை.

நாம் செய்யக்கூடியது

இன்று வீட்டுக்குப் போனதும் ரேஷன் அட்டை, ஆதார், வங்கிப் புத்தகம் மூன்றையும் எடுத்துப் பாருங்க. பேர், எழுத்து, பிறந்த தேதி ஒன்றாக இருக்கா? படிக்கத் தெரியாத பக்கத்து வீட்டு ஆயாவுக்கும் பார்த்துச் சொல்லுங்க. வித்தியாசம் இருந்தால் இப்போதே திருத்தணும். புயலோ வெள்ளமோ வந்த பிறகு வரிசையில் நின்று திருத்த முடியாது!

— பத்தாம் வகுப்பு மாணவி