கப்போர்டுக்கு எந்த ஃபினிஷ்? கொங்கு வீடுகளுக்கு 10 குறிப்புகள்

அடுப்புப் பக்கம் ஆவி, சிங்க் பக்கம் தண்ணீர், ஜன்னல் பக்கம் காற்றுப் புழுதி என்று சமையலறையில் இடத்துக்கு இடம் பாடு வேறு. கலர் கார்டைப் பார்ப்பதற்கு முன் இடத்தைப் பார்த்துவிட்டால் காசும் மிச்சம், கப்போர்டும் நாள்பட உழைக்கும்.

1. பழைய வீட்டில் கடப்பா கல் தட்டுகள் உறுதியாக இருந்தால் இடிக்காதீர்கள். சட்டம் அடித்து, ஷட்டரை மட்டும் புதிதாகப் போடலாம். கல்லைத் தண்ணீரும் கரையானும் ஒன்றும் செய்யாது. தோட்டத்து வீடுகளுக்கு இது ரொம்பவே பொருந்தும்.

2. ஃபினிஷைவிட உள்ளே இருக்கும் பலகை முக்கியம். சிங்குக்குக் கீழே ஐ.எஸ். 710 முத்திரை உள்ள மரைன் பிளைவுட் போடச் சொல்லுங்கள். கொதிநீரில் 72 மணி நேரம் போட்டுச் சோதிக்கப்படும் ரகம் அது. ஈரப்பதம் மட்டும் தாங்கும் எம்.ஆர். ரகம் ஹால் அலமாரிக்குச் சரி, சிங்க் பக்கம் வேண்டாம்.

3. தினமும் திறந்து மூடும் கீழ் ஷட்டர்களுக்கு 1 மி.மீ. மேட் மைக்கா நல்லது. கீறல் சட்டெனத் தெரியாது, துடைப்பதும் சுலபம். உள்பக்கத்துக்கு வெளிர் நிற மைக்கா ஒட்டினால் பூச்சி, கசிவு எல்லாம் உடனே கண்ணில் படும்.

4. அக்ரிலிக் கண்ணாடி போல மின்னும். கைரேகையும் கீறலும் அதே அளவுக்குத் தெரியும். ஆசையிருந்தால் மேல் கப்போர்டுகளுக்கு மட்டும் போடுங்கள். பி.யூ. பெயின்ட்டில் விரும்பிய நிறம் கிடைக்கும், திரும்ப அடிக்கவும் முடியும். ஆனால் செலவு கூடுதல். பாத்திரம் இடித்தால் ஓரம் பெயரும்.

5. மெம்பரேன் ஷட்டர் என்பது எம்.டி.எஃப். பலகை மேல் பி.வி.சி. தாளைச் சூடாக்கி ஒட்டுவது. சூடு பட்டால் அந்தத் தாள் உரியும். அடுப்பு, ஓவன் பக்கத்தில் தவிர்த்துவிடுங்கள்.

6. கடையில் சாம்பிள் துண்டு வாங்கி வந்து, மஞ்சள்தூளை நல்லெண்ணெயில் குழைத்துத் தடவி ஒரு ராத்திரி வையுங்கள். காலையில் பாத்திரம் கழுவும் லிக்விடும் துணியும் கொண்டு துடைத்துப் பாருங்கள். கறை போகாவிட்டால் அது நம் சமையலுக்கு ஆகாது.

7. சிறுவாணித் தண்ணீர் புழங்கும் வீட்டில் கவலை குறைவு. போர் தண்ணீர் என்றால், கருப்பு, கரு நீலம் போன்ற அடர் நிற கிளாஸி ஷட்டரில் உப்புத் திட்டு பூத்துவிடும். சிங்க் ஓரத்தில் சாம்பல், சந்தன நிற மேட் ஃபினிஷ் வையுங்கள்.

8. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வீசும் காற்று புழுதியையும் அள்ளிக்கொண்டு வரும். தாளிப்புப் பிசுக்கோடு அது சேர்ந்தால் அழுக்கு பிடித்துக்கொள்ளும். மேற்கே ஜன்னல் உள்ள சமையலறையில் கோடு, பூ வேலைப்பாடு வெட்டிய ஷட்டர் வேண்டாம், சமதளமே நல்லது.

9. கிரைண்டர் வைக்கும் இடத்தில் மைக்கா மேடை வேண்டாம், கிரானைட்டே சரி. குழவியைக் கழுவும் தண்ணீர் வழிந்து பலகையின் ஓரம் வழியாகத்தான் உள்ளே இறங்கும். அதனால் ஷட்டரின் நான்கு ஓரத்திலும் 2 மி.மீ. எட்ஜ் பேண்ட் மெஷினில் ஒட்டியிருக்கிறதா என்று கீழ் ஓரத்தையும் கையால் தடவிப் பாருங்கள்.

10. கொட்டேஷனில் சதுர அடி விலையோடு பிளைவுட்டின் ரகம், மைக்காவின் கனம், கம்பெனி, கோடு நம்பர் எல்லாம் எழுதி வாங்குங்கள். மிச்ச மைக்காவைக் குப்பையில் போட விடாதீர்கள். அந்த டிசைன் கடையில் நின்றுபோனாலும், ஒரு ஷட்டர் கெட்டால் அதையே ஒட்டிக்கொள்ளலாம்.